தகட்டில் பொறித்த எண்

தாராசுரத்தில் காலை ஐந்தரை மணி பஸ்ஸில் நான் ஏறினால் கண்டக்டர் என் பெட்டிக்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிடுவார். பெட்டி பதினெட்டுக் கிலோ. உள்ளே துளை போட்ட தட்டுகளில் நீள வரிசைப்படி திருகுகள், தகடுகள், டிரில் பிட்டுகள், ஆழம் பார்க்கும் கம்பி, திருப்புளி. எலும்பு முறிவுக்கு உள்ளே வைத்து முடுக்கும் சாமான்களை ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை கொண்டுபோய்க் கொடுப்பது 1992 முதல் என் தொழில். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், தஞ்சாவூர் என்று டெல்டா முழுக்க அலைந்திருக்கிறேன். உள்ளிருந்து டாக்டர் "நாப்பத்திரண்டு கார்டிகல்" என்று குரல் கொடுத்தால் 42 மில்லிமீட்டர் திருகு அந்த நொடியில் நர்ஸ் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஒருவரின் தொடை திறந்தபடி காத்திருக்கும்.

குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒன்றாக வரும் புரட்டாசி, ஐப்பசியில் பெட்டி காலியாகித் திரும்பும். வரப்பில் வழுக்கி விழுந்தவர்கள், டிராக்டர் டிரெய்லரிலிருந்து சரிந்தவர்கள், தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள், டிவிஎஸ் 50-இல் நெல் மூட்டையோடு சாய்ந்தவர்கள். வார்டில் நான் நடந்தால் யாராவது ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொள்வாள். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "உள்ள வெச்ச இரும்பு துருப்பிடிக்காதா தம்பி?" தொழிலுக்கு வந்த புதிதில், "அது எவர்சில்வர் ஆத்தா, பிடிக்காது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்தப் பதில் எவ்வளவு அரைகுறை என்பது 1998 வரை எனக்குப் புரியவில்லை.

என் அப்பா பட்டு நெய்தவர். எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு வீடு குழித்தறி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அறுந்த இழையைப் பிணைப்பது என் வேலை. ஒருநாள், அறுந்த இழையின் மறு துண்டைக் கையில் சுற்றி இழுத்துப் பார்த்தேன். விரல்தான் வலித்தது, இழை அறவில்லை. "இவ்வளவு பலமா இருக்கறது எப்படிப்பா அறுந்துது?" என்று கேட்டேன். அப்பா அச்சைக் காட்டினார். ஒவ்வொரு ஊடைக்கும் அச்சு முன்னும் பின்னும் போய்வரும். ஒவ்வொரு முறையும் இழையை லேசாக உரசும், லேசாக இழுக்கும். "ஒரு இழுப்புல எதுவும் அறாதுடா. ஆயிரம் இழுப்புல நொய்ஞ்சு போயிடும்." பின்னாளில் டிப்ளமோ வகுப்பில் உலோகக் களைப்பு என்று பாடம் நடத்தியபோது எனக்கு அது புதிதாக இல்லை. உரசி நொய்வது, இழுபட்டு நொய்வது இரண்டையும் தறியருகே பார்த்துவிட்டிருந்தேன்.

டிப்ளமோ முடித்து 1985-இல் சென்னை கிண்டிப் பக்கம் எலும்புத் தகடு செய்யும் ஒரு சிறு பட்டறையில் சேர்ந்தேன். மெருகுப் பிரிவு. பஃப் சக்கரத்தில் தகட்டைப் பிடித்துக் கோடுகளைப் போக்க வேண்டும், பிறகு மின்மெருகு, கடைசியாக நைட்ரிக் அமிலத் தொட்டியில் அரை மணி. அந்த நெடி இன்றும் மூக்கில் இருக்கிறது. மெருகு எதற்கு, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். மேஸ்திரி ஒரு தகட்டைச் சாதாரண இரும்பு வைஸில் இறுக்கிப் பிடித்துவிட்டு, உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தார். மூன்றாம் நாள் வைஸின் பற்கள் பதிந்த இடத்தில் மட்டும் காவி நிறப் புள்ளிகள். வைஸிலிருந்து ஒட்டிய இரும்புத் துகள்தான் காரணம். அமிலக் குளியல் அந்தத் துகளைக் கரைத்து எடுத்துவிடுகிறது. அதன்பின் தகட்டின் குரோமியம் காற்றோடு சேர்ந்து தன்மேல் தானே ஒரு படலம் போர்த்திக்கொள்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் இரண்டு மூன்று கூறு தடிமன், அவ்வளவுதான். எவர்சில்வரை எவர்சில்வராக வைத்திருப்பது அந்தப் படலம். கீறினால் மறுபடி மூடிக்கொள்ளும், ஆக்சிஜன் கிடைத்தால்.

அந்தக் கடைசி நிபந்தனையில்தான் எல்லாம் இருக்கிறது. நம் உடம்பின் நீர் லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைத்த தண்ணீர் மாதிரி. கையில் ஏற்றும் சலைன் பாட்டிலின் கணக்கும் அதுவே. வெப்பம் எப்போதும் 37 டிகிரி. அறுவை செய்த புண்ணைச் சுற்றிச் சில நாட்களுக்குப் புளிப்பும் கூடும். அந்த உப்பு நீரில் திருகின் தலை தகட்டின் குழியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடுக்கு. அங்கே புது ஆக்சிஜன் போய்ச் சேராது. நடக்கும்போதெல்லாம் திருகுத் தலை தகட்டோடு உரசுகிறது, படலம் கிழிகிறது, மூடிக்கொள்ள வழியில்லை, குளோரைடு வந்து குவிகிறது. அரிப்பு தொடங்கினால் அந்த இடம் மேலும் புளித்து அரிப்பைத் தானே வளர்க்கும். இதைத் தடுக்கத்தான் எலும்புக்கு வைக்கும் எவர்சில்வரில், அதாவது 316எல் என்ற வகையில், 2.25 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலக்கிறார்கள், கரியை 0.03 சதவீதத்துக்குக் கீழே இறக்குகிறார்கள். சாப்பாட்டுத் தட்டின் எவர்சில்வர் 304 வகை. அதில் மாலிப்டினம் சேர்ப்பதில்லை. இரண்டும் மெருகிட்டால் ஒரே பளபளப்பு. கண்ணால் பார்த்துப் பிரிக்க யாராலும் முடியாது.

1998 பங்குனியில் ஒரு பெண்ணுக்குத் தொடை எலும்பில் பத்துத் துளைத் தகடு வைத்தார்கள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். உளுந்து எடுக்கப் போனவர்களை ஏற்றிவந்த டிரெய்லர் வாய்க்காலில் சாய்ந்துவிட்டது. தகடு நான் கொடுத்தது. மூன்று மாதம் படுக்கை, பிறகு கக்கத்தில் கட்டை. எலும்பு சேர்வது மெதுவாகத்தான் இருந்தது. ஐப்பசியில் கட்டையைப் போட்டுவிட்டு நடவுக்குப் போய்விட்டாள். வீட்டில் இரண்டு குழந்தைகள். புருஷனுக்கு வேலை இல்லை. மார்கழியில் ஒருநாள் விடியற்காலை திண்ணையிலிருந்து இறங்கும்போது தொடைக்குள் 'டக்' என்று சத்தம். எக்ஸ்ரேயில் தகடு நடுவிலுள்ள ஒரு துளையில் இரண்டாக ஒடிந்து நின்றது.

நான் போனபோது பெண்கள் வார்டில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழ முயன்றாள். "சீக்கிரமா வேலைக்குப் போயிட்டேன்னு எல்லாரும் திட்டறாங்க. என் தப்புதானாண்ணே?" என்றாள். டாக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்பதை இங்கே எழுத வேண்டும்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் ஒடிந்த தகட்டை ஒரு கிண்ணத்தில் வைத்து, "இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கொடுத்தார். தியேட்டர் வராந்தாவில் ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒடிந்த முகத்தில் பாதிக்குமேல் வழவழப்பு, அதில் பிறை பிறையாகக் கோடுகள். ஆற்றில் தண்ணீர் வடியும்போது மணல் திட்டின் ஓரத்தில் வரி வரியாகப் படியுமே, அதே மாதிரி. ஒவ்வொரு வரியும் விரிசல் கொஞ்சம் நகர்ந்து நின்ற இடம். மீதிப் பகுதி சொரசொரப்பாக இருந்தது. அது கடைசியில் ஒரே மூச்சில் கிழிந்த இடம். ஆக, தகடு திண்ணையில் ஒடியவில்லை. வாரக்கணக்காக ஒடிந்துகொண்டே இருந்திருக்கிறது. பிறைகள் எல்லாம் எங்கிருந்து விரிகின்றன என்று பின்னோக்கிப் பார்த்தேன். திருகுத் தலை உட்காரும் குழியின் விளிம்பில் ஒரு பழுப்புக் கறை. கறையைத் துடைத்தால் கடுகில் பாதி அளவு குழி. அதைச் சுற்றி இன்னும் நாலைந்து ஊசி முனைப் பள்ளங்கள்.

திருச்சி துவாக்குடிப் பக்கம் பாய்லர் உதிரி செய்யும் பட்டறைகளுக்காக உலோகம் சோதிக்கும் கூடம் ஒன்று இருந்தது. தகட்டின் ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மின்பொறி அடித்து, வரும் ஒளியைப் பிரித்து, எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்லும் எந்திரம். தாள் வந்தது. குரோமியம் 18, நிக்கல் 8. மாலிப்டினத்துக்கு நேரே 0.2. சாப்பாட்டுத் தட்டு. தகட்டின் மேல் 316எல் என்று பொறித்திருந்தது.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் அந்தத் தாளோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தகடுகளை விலை குறைவு என்று ஒரு மொத்த வியாபாரியிடம் வாங்கியவன் நான். சோதனைச் சான்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மெருகு நன்றாக இருக்கிறதே என்று நம்பிவிட்டேன். மெருகுப் பிரிவில் ஏழு வருடம் நின்றவன், மெருகைப் பார்த்து ஏமாந்தேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் மாலிப்டினம் இல்லாததே ஒரே காரணம் அல்ல. எலும்பு சேராவிட்டால் எந்தத் தகடும் ஒருநாள் ஒடியும். ஒரு கால் ஓராண்டில் ஏறத்தாழ பத்து லட்சம் முறை மிதிக்கிறது. செயற்கை இடுப்பு மூட்டைச் சோதிக்கும் எந்திரத்திலும் பத்து லட்சம் சுற்றைத்தான் ஓராண்டாக எண்ணுகிறார்கள். எலும்பு சேரும்வரை அந்த மிதியைத் தகடு வாங்கிக்கொள்ள வேண்டும். சேர்ந்த பிறகு எலும்பே வாங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் ஓட்டப் பந்தயம். அவளுடைய எலும்பு பின்தங்கிவிட்டது, அவள் சுமையைக் கூட்டினாள், இரண்டும் உண்மை. ஆனால் நல்ல தகடாக இருந்திருந்தால் அந்தப் பந்தயத்தில் இன்னும் சில மாதம் நின்றிருக்கும். நடவு முடிந்து கதிர் வந்திருக்கும். அந்த மாதங்களை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது நான் கொடுத்த உலோகம்.

அடுத்த வாரமே கையிருப்பு முழுவதையும் சோதித்தேன். காந்தம் வைத்துப் பார்ப்பது போதாது. 304-ஐயும் பதமாக வெப்பம் காட்டி ஆற்றியிருந்தால் காந்தம் ஒட்டாது. கும்பகோணத்துப் பழைய இரும்புக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சொட்டு மருந்துதான் கைகொடுத்தது. உலோகத்தின் மேல் ஒரு சொட்டு, அதில் ஒன்பது வோல்ட் பேட்டரியைச் சில விநாடி தொட வேண்டும். மாலிப்டினம் இருந்தால் சொட்டு செம்மை ஏறும். கட்டுக்கு ஒன்றாக எடுத்துச் சொட்டு வைத்தேன். இரண்டு கட்டுகளில் நிறம் மாறவே இல்லை. அவற்றைச் சம்மட்டியால் வளைத்துப் பழைய இரும்பாகப் போட்டேன். யாராவது எடுத்து மறுபடி மெருகிட்டு விற்றுவிடக்கூடாது. அந்தக் கட்டுகளிலிருந்து ஏற்கெனவே போன தகடுகள் யாருக்கு வைக்கப்பட்டன என்று தேடியபோதுதான் பெரிய இடி. என்னிடம் எந்தப் பதிவும் இல்லை. பில்லில் 'பிளேட் – 6' என்று இருக்கும். எந்தத் தகடு யார் காலில் என்று ஒருவருக்கும் தெரியாது. டாக்டர்களின் நினைவை வைத்து நாலு பேரைக் கண்டுபிடித்தோம். அவர்களுக்கு எலும்பு சேர்ந்திருந்ததால் தகட்டை எடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் எங்கே என்று இன்றுவரை தெரியாது.

அந்தப் பெண்ணின் ஊருக்கு நேரில் போனேன். இந்த முறை தொடை எலும்பின் நடுக்குழல் வழியாக நீள ஆணி செலுத்தி, மேலும் கீழும் திருகு போட்டு, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து இட்டிருந்தார்கள். தகடு எலும்புக்குப் பக்கவாட்டில் நிற்பதால் வளைந்து வளைந்து களைக்கும்; ஆணி நடுவில் நிற்பதால் அந்த வளைவு குறைவு. அதற்குக் காசு வாங்கவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. சோதனைத் தாளைக் காட்டி, "உன் தப்பு மட்டும் இல்லம்மா. நான் கொடுத்த தகடு சரியில்ல" என்றேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. தொடையில் கை வைத்துக்கொண்டு, "இப்ப வெச்சிருக்கற கம்பி நல்லதாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். ஆணியின் எண்ணையும் சான்றையும் எடுத்து, படித்துக் காட்டினேன். அடுத்த வருடம் ஆடியில் ஆணி உள்ளே இருக்க, சேர்ந்த எலும்பில் நடந்தாள்.

அன்று முதல் நோட்டு வைத்திருக்கிறேன். நீளவாட்டில் கோடு போட்ட கணக்கு நோட்டு. தகட்டின் எண், வார்ப்பு எண், எந்த ஆலை, யாருக்கு, எந்தப் பக்கம், வைத்த தேதி. கடைசிக் கட்டம், வெளியே எடுத்த தேதி. அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். இதுவரை பதினாலு நோட்டு.

சட்டம் இதற்கெல்லாம் தாமதமாகத்தான் வந்தது. 2005 அக்டோபரில்தான் எலும்பில் வைக்கும் சாமான்களை மருந்துச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு கொண்டுவந்தது. அதுவரை கடைசல் எந்திரம் உள்ள யாரும் தகடு செய்யலாம், விற்கலாம். பதிவு இல்லாததன் விலையை நாடே பிறகு பார்த்தது. உலோகக் கிண்ணத்தில் உலோகப் பந்து சுழலும் ஏஎஸ்ஆர் என்ற வெளிநாட்டு இடுப்பு மூட்டை, கோபால்ட், குரோமியத் துகள் உடம்பில் கலக்கிறது என்று 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அது வைக்கப்பட்டிருந்தது. அவர்களில் ஆயிரத்துச் சொச்சம் பேரைத்தான் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரிய கம்பெனி, பெரிய ஆஸ்பத்திரி, இருந்தும் 'பிளேட் – 6' என்ற பில்தான் அங்கேயும்.

நம் ஊரிலேயே இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் காமாட்சி முதலியும் உடன் ஆய்ந்தவர்களும் 2003-இல் 'சாதனா' இதழில், உடம்பில் வைக்கும் உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று நீளமாக எழுதினார்கள். அணு உலைக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். உலைக்கும் எலும்புக்கும் ஒரே குடும்பத்து எவர்சில்வர்தான். கல்பாக்கத்து ஈனுலையின் கட்டமைப்பு உலோகம் 316எல்என், நைட்ரஜன் சேர்த்தது. ஒரு பங்கு நைட்ரஜன் குழி விழுவதைத் தடுப்பதில் பதினாறு பங்கு குரோமியத்துக்கு ஈடு என்பது உலோகக்காரர்களின் கணக்கு. எலும்புக்கென்றே அதிக நைட்ரஜன் சேர்த்த எவர்சில்வர் இன்று இருக்கிறது.

இப்போது தியேட்டர்களில் டைட்டேனியம்தான் அதிகம் கேட்கிறார்கள். கையில் எடுத்தாலே தெரியும். எடை எவர்சில்வரில் பாதிக்குச் சற்று மேல். அதன் மூலமான இல்மனைட் மணல் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கிறது. திருகுகள் தங்கம், நீலம், பச்சை, ஊதா என்று வரும். சாயம் இல்லை. மின்சாரம் செலுத்தி மேல் படலத்தைத் தடிப்பாக்குகிறார்கள். வயல் தண்ணீரில் டீசல் சிந்தினால் வானவில் தெரிவது போல, படலத்தின் தடிமனுக்கேற்ப ஒளி நிறம் மாறுகிறது. அளவுக்கொரு நிறம் என்று வைத்துவிட்டதால் நர்ஸுக்கு எளிது.

ஆனால் டைட்டேனியத்தை நான் மதிப்பது நிறத்துக்கோ எடைக்கோ அல்ல. எலும்பின் விறைப்பை ஒன்று என்று வைத்தால் டைட்டேனியக் கலவை ஆறு, எவர்சில்வர் பத்துப் பதினொன்று, கோபால்ட் குரோமியம் பன்னிரண்டுக்கும் மேல். ஒரே நுகத்தில் ஒரு முரட்டுக் காளையையும் ஒரு இளங்கன்றையும் பூட்டினால் காளையே முழுதும் இழுக்கும். கன்று சும்மா கூட நடக்கும், கடைசிவரை அதற்குத் தோள் வலுக்காது. விறைத்த தகட்டின் கீழ் எலும்பும் அப்படித்தான் மெலிகிறது. எலும்பு தன் மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று பெர்லினில் யூலியஸ் வோல்ஃப் 1892-இலேயே எழுதினார். 'ரொம்பக் கெட்டியானதா குடுங்க' என்று கேட்டு வருபவர்களுக்கு நான் இந்த மாட்டுக் கதையைத்தான் சொல்வேன்.

டைட்டேனியத்துக்கும் குணக்கேடு உண்டு. தன்னோடு தானே உரசினால் பற்றிக்கொள்ளும். பந்து மூட்டுக்கு அதனால்தான் உதவாது. பூட்டுத் திருகைத் தகட்டில் அளவுக்கு மீறி முறுக்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இரண்டு வருடம் கழித்து எடுக்கும்போது திருப்புளி வழுக்கும், தலையின் ஆறுகோணம் வட்டமாகிவிடும். அப்படி ஒரு முறை, ஒரே ஒரு திருகுக்காக ஒன்றரை மணி நேரம் கார்பைடு பிட் போட்டுக் குடைந்தார்கள். சாம்பல் நிறத் தூள் தசையில் விழாமல் நர்ஸ் சலைனை ஊற்றிக்கொண்டே இருந்தார். முறுக்கு எவ்வளவு என்று அளந்து 'கிளிக்' என்று நிறுத்தும் திருப்புளி பெட்டியில் இருந்தால் அதை முதலில் எடுத்து மேலே வைத்துவிடுவேன். அவசரத்தில் சிலர் அதை ஒதுக்குவதைப் பார்த்தால் மனசு பதறும்.

கோபால்ட் குரோமியத்தை நான் புரிந்துகொண்டது சுவாமிமலையில். தாராசுரத்திலிருந்து சைக்கிளில் அரை மணி. சிலை வார்க்கும் நண்பர் ஒருவரின் பட்டறையில் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கடலை எண்ணெயில் உருக்கி, விரலுக்கு விரல் உருவம் பிடிப்பார்கள். அதன்மேல் காவிரியின் நைசான வண்டலைப் பாலாடை போலப் பூசுவார்கள். நிழலில் காய்ந்ததும் அடுத்த பூச்சு, பிறகு கரட்டு மண், கம்பிக்கட்டு. சுட்டால் மெழுகு ஓடிவிடும்; வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். முதல் பூச்சின் மண் எவ்வளவு நைசோ அவ்வளவு துல்லியம் சிலையின் முகம்.

முழங்கால் மூட்டின் மேல்பாதி, தொடை எலும்பின் நுனிக்குக் குல்லாய் போடும் அந்த வளைந்த உலோகம், இதே முறையில்தான் வார்க்கப்படுகிறது. மெழுகு, மேலே நைசான பீங்கான் குழம்பு, பிறகு கரடான பூச்சு, மெழுகை ஓட்டுவது, வார்ப்பது. வெண்கலம் ஆயிரம் டிகிரி பக்கம் உருகும். இதற்கு இன்னும் முந்நூறு நானூறு டிகிரி வேண்டும். 1930-களில் அமெரிக்காவில் பல் கட்டுபவர்களுக்காக வந்த கலவை அது, விட்டாலியம் என்று பெயர். பாஸ்டனில் ஸ்மித் பீட்டர்சன் இடுப்பு மூட்டில் வைத்த கண்ணாடிக் கிண்ணங்கள் உடைந்துகொண்டிருந்த காலம். 1938-இல் விட்டாலியத்தில் கிண்ணம் வார்த்து வைத்தார், நின்றது. ஒரு மூட்டின் உலோகத்தை நண்பரிடம் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "நாங்க அரம் போட்டு முகம் எழுதறோம். இதுல முகமே தெரியுது" என்றார். உண்மைதான். எதிரே பாலிஎத்திலீன் இருக்கிறது. உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தாலும் ஒவ்வொரு மடக்கலிலும் அது பிளாஸ்டிக்கைச் சீவும். சீவிய தூளைத் தின்னவரும் உடம்பின் அணுக்கள் எலும்பையும் கரைத்துவிடும். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் வைத்து, அது தேய்ந்து, நூற்றுக்கணக்கானவர்களுக்கு மறுபடி திறக்க வேண்டிவந்தது. 1962 நவம்பரில்தான் பாலிஎத்திலீனுக்கு மாறினார்.

மூட்டின் விலை 2017 ஆகஸ்ட் வரை மனம்போனபடி இருந்தது. அந்த மாதம் 16-ஆம் தேதி உச்சவரம்பு வந்தது. சாதாரண கோபால்ட் குரோமிய முழங்காலுக்கு 54,720 ரூபாய். எங்கள் தெருவில் குழித்தறியில் உட்கார்ந்து முழங்கால் தேய்ந்த இரண்டு பேர் அதற்குப் பிறகுதான் ஆபரேஷனுக்குத் துணிந்தார்கள். வியாபாரத்தில் எனக்குக் குறைந்தது. குறைந்தது சரி என்றே நினைக்கிறேன்.

அப்பா 2006-இல் தறிக்குழியிலிருந்து ஏறும்போது விழுந்தார். இடுப்புப் பந்தின் கழுத்து ஒடிந்துவிட்டது. எழுபத்தொன்பது வயது. நான் தியேட்டர் வாசலில் பெட்டியோடு நின்றேன், எப்போதும்போல. டாக்டர் ஒடிந்த பந்தை வெளியே எடுத்து அளவு வளையத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "நாப்பத்தஞ்சு குடுங்க" என்றார். ஆஸ்டின் மூர் மூட்டு, 316எல், 45 மில்லிமீட்டர். தண்டில் இரண்டு ஜன்னல். அதன் வழியே எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். சான்று இரண்டு முறை பார்த்து வாங்கியது. உறையைப் பிரிப்பதற்கு முன் தண்டில் பொறித்திருந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன். கை கொஞ்சம் நடுங்கியது. அப்பா மூன்றாம் மாதம் கோயில்வரை நடந்தார். தறியில் மறுபடி உட்கார விடவில்லை. அதற்காக என்னிடம் கடைசிவரை கோபம்.

2011-இல் போனார். பால் தெளிக்கும் காலை அரசலாற்றங்கரை மயானத்தில் சாம்பலில் தண்ணீர் தெளித்து எலும்பு பொறுக்கினோம். பட்டு நெய்த விரல்களின் எலும்பு எது என்று தேடினேன், தெரியவில்லை. மயானத்தில் வேலை செய்யும் பெரியவர், "இது அய்யாவோடதுங்க" என்று ஒரு குச்சியால் தள்ளிக் காட்டினார். பந்தும் தண்டும் கறுத்துப்போய், உருக்குலையாமல் கிடந்தன. சூடு ஆறவில்லை. ஈரத்துண்டில் எடுத்து ஆற்றில் அலசினேன். மேல்துண்டின் நுனியால் தண்டைத் தேய்க்கத் தேய்க்கக் கரி விலகி எண் ஒவ்வொரு இலக்கமாக வந்தது.

வீட்டுக்கு வந்து, சடங்கெல்லாம் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு, பரணிலிருந்து ஐந்தாவது நோட்டை எடுத்தேன். எண் சரியாக இருந்தது. கடைசிக் கட்டத்தில் அன்றைய தேதியை எழுதினேன்.